ஒரு மணி ரோபோ

திருட்டு ரோபோவைத் தடுக்கிறேன் பேர்வழி என்று என் கடை வெப்சைட்டை நானே பூட்டினேன். பூட்டிய பிறகுதான் தெரிந்தது, ரோபோவோடு சேர்ந்து ஊர் உலகமே வெளியே நிற்கிறது, நானும்தான். மறுபடி திறக்க ஒரு முழுப் பகலும் ஒன்பது டீயும் ஆயிற்று.

இது நடந்தது 2004 ஆடி மாதம். பிள்ளையார்பாளையத்தில் கோதண்டபாணி சில்க்ஸ் என்றால் முதலாளியும் நான்தான், பெருக்குகிறவனும் நான்தான். ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாவிட்டால் பட்டுக்கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். நான் வெப்சைட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு ஒரே இன்டர்நெட் நம்பரிலிருந்து வரவு. அறுபத்து நாலு புடவைப் பக்கத்தையும் ஒன்றுவிடாமல் திறக்கும். மயில்கழுத்து நிறப் புடவை வந்தால் மட்டும் கால் மணி நேரம் அசையாமல் நிற்கும். மனுஷனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? கம்ப்யூட்டர் பத்திரிகையைப் புரட்டினேன். அது ரோபோவாம். ஒவ்வொரு பக்கமாக மேய்ந்து, இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிற புரோகிராமாம்.

இவற்றுக்கென்றே வெப்சைட்டின் வாசலில் 'வராதே' என்று ஒரு அறிவிப்பு வைக்கலாம் என்றும் எழுதியிருந்தது. நல்ல ரோபோ படித்துவிட்டுத் திரும்பிவிடும். கெட்ட ரோபோ படிக்காது. எங்கள் தெருமுனையில் 'இங்கே குப்பை கொட்டாதீர்' பலகை வேலை செய்வதும் இதே லட்சணத்தில்தான். வைத்தேன். மறுநாள் ஒரு மணிக்கு ஜம்மென்று வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பூட்டுக் கூத்து. இரண்டாம் தடவை அந்த ஒரு நம்பரை மட்டும் சரியாகத் தடுத்தேன். வந்தால் படித்துவிட்டுப் போகட்டும் என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரவேற்பும் வைத்தேன்: 'திருட்டு மூஞ்சியே, உனக்கு இங்கே வேலை இல்லை. ஓடு!'

நாலாம் நாள் எதிர்க்கடை ராஜகோபால் வந்தான். அவன் கடை பெரியது, வெப்சைட் பெரியது, மீசைகூட என்னுடையதைவிடப் பெரியது.

"கோதண்டம், என் சைட்டுக்கு ஒரு ஆளு வந்துக்கினு இருக்குதுபா. நாலு நாளா கரெக்டா ஒரு மணிக்கு. ஒரு புடவை விடறதில்ல!"

நம்பரைக் கேட்டேன். சொன்னான். அதே நம்பர்.

"அது ஆளு இல்லடா, ரோபோ. நான் தொரத்தி வுட்டது."

"ரோபோவுக்கே உன் டிசைன் புடிக்கல பாரு!" மீசை சிரித்தது.

கழுத்தைப் பிடித்துத் தள்ளியவன் நான்தான். ஆனாலும் அது போயும் போயும் ராஜகோபால் வீட்டில் போய் விருந்து சாப்பிட்டால் வயிறு எரியாதா? ஒரு ரோபோவுக்காகப் பொறாமையில் வெந்தவன் காஞ்சிபுரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எரிகிற வயிற்றில் ஊற்ற எண்ணெயும் தயாராக இருந்தது. கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் அம்சாவும் நானும் பத்தாவதில் ஒரே டியூஷன். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று சித்திரையில் அவளைக் கேட்டேன். "பாக்கலாம்பா" என்றாள். வைகாசியிலும் பாக்கலாம், ஆனியிலும் பாக்கலாம். அவள் என்னத்தைப் பார்த்தாளோ, அவள் சென்டர் வாசலில் ராஜகோபாலின் பைக் நிற்பதை நான் மட்டும் நன்றாகவே பார்த்தேன்.

ரோபோ எந்த ஊர்க்காரன் என்று கண்டுபிடிக்க அவளை விட்டால் வேறு ஆள் இல்லை. நம்பரைச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன்.

சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது எங்க சென்டர் நம்பர்பா."

மீசை என் கண்முன் வந்து நின்றது. "ஒரு மணிக்கு இங்க வந்து உக்கார்றது யாரு? ராஜகோபாலா?"

"ஒரு மணிக்கு ஷட்டரப் பாதி எறக்கிட்டு, சோத்து டப்பாவ தொறந்து வெச்சுக்கினு நான்தான் உக்காந்திருப்பேன். நீ எழுதி வெச்சிருக்கியே, அந்தத் திருட்டு மூஞ்சி இதுதான். நல்லாப் பாத்துக்க."

"அம்சா... ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நான் என்னாத்த சொல்றது? நீதான் செவப்பு எழுத்துல சொல்லிட்டியே. சரின்னு ராஜகோபால் சைட்டுக்குப் போனேன். அங்கியும் அதே மயில்கழுத்து கெடச்சுது. எடுத்து வெக்கச் சொல்லி போன் பண்ணிட்டேன்."

"உனக்கெதுக்கு இப்போ பட்டுப்புடவை?"

"கல்யாணத்துக்கு. ஆவணியில."

ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தேன். புடவையும் அவன் கடையில், பெண்ணும் அவன் பக்கம். நானே கதவைச் சாத்தி, நானே வழியனுப்பியும் வைத்திருக்கிறேன்.

"மாப்பிள்ள யாரு, அவன்தானா? இன்னிக்காவது நேரா ஒரு பதில் சொல்லு அம்சா."

அவள் சீட்டைத் திருப்பி, பின்பக்கம் புடவை நம்பரை எழுதி, என் சட்டைப் பையில் செருகினாள்.

"கூறைப்புடவைய மாப்பிள்ளதான எடுக்கணும்? அவன் கடைக்குப் போயி எடுத்துக்கினு வா."