குழாய்ச் சத்தம்

எழுதத் துணிந்தமைக்கு முதலில் பெரியோர் பொறுத்தருள வேண்டும். வேகாத பருப்பைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால், தக்க விடை என்னிடம் இல்லை. இயன்றவரை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

*

மூன்றாவது முறையாக அவர் குக்கரைத் திறந்தார்.

பருப்பு வேகவில்லை.

ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார். ஓரம் கரைந்தது. நடுவில் கல்லாக நின்றது.

கூடத்தில், இரும்புக் கட்டிலில், மனைவி படுத்திருந்தாள். பக்கவாதம் வந்து இரண்டு மாதம். வலப்பக்கம் அசையாது. பேச்சு இல்லை. சொல்வது அவளுக்குப் புரிகிறதா என்பதை உறுதியாகக் கூற இயலாது என்று மருத்துவர் தெரிவித்திருந்தார்.

மூக்கிலிருந்த டியூபைச் சென்ற வாரம்தான் எடுத்தார்கள். இனி வாய்வழியே, குழைந்த உணவாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். அவர் அடுப்படிக்குள் நுழைந்ததே அதன் பிறகுதான்.

பருப்புச் சோறு பிசைந்து ஊட்டினார்.

முதல் வாய்க்கே இருமினாள்.

மறு வாய்க்கு உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நாள்தோறும் அவ்வாறே.

சோறு என்பதே மறந்துவிட்டது போலும் என்று அவர் எண்ணினார். மகளிடமும் அப்படித்தான் சொன்னார். கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் நாற்காலியில் அமர்ந்து, கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு.

"அம்மாவுக்கு எங்க இருக்கோம்னே தெரியாதப்ப, எங்க இருந்தா என்னங்கப்பா," என்றாள் மகள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அவர் ஒப்புக்கொண்டார்.

அந்த நாற்காலியில் அமர்ந்து இன்னும் சிலவும் பேசினார். தம் முதுகுவலியைப் பற்றி. துணி மாற்றும்போது வரும் குமட்டலைப் பற்றி. இப்படிக் கிடப்பதற்கு அன்றே போயிருக்கலாம் என்றும் ஒருமுறை.

அவளை அழைத்துப்போகக் காப்பகத்தின் வண்டி நாளைக் காலை வரும்.

குற்றம் பருப்பின் மீதுதான் என்று அவர் நினைத்தார். நேற்று மளிகைக்கடைத் துரைசாமியிடம் போய், பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டதாகக் கோபித்துக்கொண்டார்.

"அம்மா வாங்கீட்டுப் போன அதே மூட்டைதானுங்க சார். பருப்புக்கும் ஆளு தெரியுதாட்ட இருக்குங்க."

அப்படிச் சொல்லிச் சிரித்தது தவறென்று துரைசாமிக்கே பட்டிருக்க வேண்டும். வேறொரு பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அதுதான் இது. இதுவும் வேகவில்லை.

நாளை இந்நேரம் அவள் இங்கே இருக்கமாட்டாள். ஒரு வேளையாவது வயிறார உண்டுவிட்டுப் போகட்டும்.

மீண்டும் பருப்பை அளந்து கழுவினார்.

பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் இரண்டு குழாய்கள். ஒன்றில் போர்த் தண்ணீர். உப்பு. குழாயின் வாயெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கும். திறந்தால் பீறிட்டுக் கொட்டும் சத்தம் கூடம்வரை கேட்கும். மற்றதில் நல்ல தண்ணீர். மாநகராட்சி விடும் நாளில் தேக்கி வைத்தது. நூலாகத்தான் இறங்கும். அடுத்து எப்போது விடுவார்களோ என்று, அதைக் குடிப்பதற்கு மட்டும் ஒதுக்கியிருந்தார்.

கொதிக்கப் போகிற தண்ணீர் எதுவாக இருந்தால் என்ன?

உப்புத் தண்ணீரைத் திறந்தார்.

கூடத்தில், டக், டக், டக்.

அவளுடைய இடக்கை. மோதிரம் கட்டில் கம்பியில் படுகிறது. தினமும் கேட்பதுதான். கை தானாகத் துடிக்கிறது என்று அவர் நினைத்திருந்தார்.

கைபேசி ஒலித்தது. குழாயை மூடிவிட்டுத் துண்டைத் தேடினார். கை துடைப்பதற்குள் அழைப்பு நின்றுவிட்டது.

கட்டில் சத்தமும் நின்றிருந்தது.

கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

குழாயைத் திறந்தார்.

டக், டக், டக்.

மூடினார்.

ஒன்றுமில்லை.

மீண்டும் திறந்தார்.

டக், டக், டக். இம்முறை கொஞ்சம் கடுமையாகவே.

மூடினார். மற்றக் குழாயின் மேல் கை வைத்தார். திருகினார். நல்ல தண்ணீர் மெல்லிய ஓசையுடன் குக்கருக்குள் இறங்கியது.

கூடம் அமைதியாக இருந்தது.

குக்கர் நிறைய வெகுநேரம் ஆயிற்று. நிறைந்தது. வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை.

*

பருப்பு வெந்தது. கரண்டி பட்டதும் குழைந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு போய் நாற்காலியில் அமர்ந்தார். பிறகு, எழுந்து, நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டுக் கட்டிலிலேயே அமர்ந்தார்.

முதல் வாயை வாங்கிக்கொண்டாள். இருமவில்லை. விழுங்கினாள்.

அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தட்டைப் பார்த்தார்.

"எல்லாங் கேட்டுட்டுத்தான் இருந்தியா."

அவள் வாயைத் திறந்தாள்.

பேச்சு வரவில்லை. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

அவர் அடுத்த கவளத்தை உருட்டினார்.

*

இழந்தவற்றையும் குறிப்பிட்டுவிடுகிறேன். துவரம் பருப்பு, இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. திரும்பத் திரும்ப வேகவைத்ததில் தேய்ந்துபோன குக்கர் வளையம், ஒன்று. குடிப்பதற்கென்று வைத்திருந்த தண்ணீரில் பாதி. காப்பகத்துக்குக் கட்டிய முன்பணம், முழுவதும். திருப்பித் தர இயலாது என்று பணிவுடன் தெரிவித்துவிட்டார்கள்.