முதுகுகள்

சைக்கிளில் கூரியர் கொண்டுபோகிறவர்களைத் தில்ஷாத் தன் சைக்கிளில் பின்தொடர்ந்துதான் படமெடுத்தாள். நின்று முகம் காட்ட அவர்களுக்கு நேரமில்லை. அதனால் எல்லாப் படங்களிலும் முதுகுகள்தாம். "முகமே இல்லாத புத்தகத்தை யாரும்மா வாங்குவாங்க?" என்று பதிப்பாளர் படங்களைத் திருப்பிக் கொடுத்தார். அவள் ஒரு படத்தையும் மாற்றவில்லை. தானே அச்சடித்து, முதல் பிரதியை மேம்பாலத்துக்கடியில் அவர்கள் டீ குடிக்கும் இடத்துக்குக் கொண்டுபோனாள்.

அங்கே யாரும் முகத்தைத் தேடவில்லை. "இது நம்ம பாபு, தோளு சாஞ்சிருக்கு பாரு!" "இது அன்வரு!" என்று பக்கத்துக்குப் பக்கம் கூச்சல். ஒரு படத்தில் மட்டும் அவர்களில் ஒருவரான சவரிமுத்து அப்படியே நின்றுவிட்டார். கொட்டும் மழையில், பார்சல் நனையாமல் சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டு, வெற்று முதுகோடு பாலத்து மேட்டில் ஏறுகிறான் ஒருவன்.

"யாரும்மா இந்த ஆளு? ராஜா மாதிரி போறாரு!"

"யோவ் சவரி, அது நீதான்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இது உங்களுக்குத்தான் அண்ணே" என்றாள் தில்ஷாத்.

புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பைக்குள் பார்சல்களோடு வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். அவள் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். சிக்னல்வரை ஒரு தடவைகூடத் திரும்பாமல், குனியாமல் போனார்.