இரண்டு கைக் கும்பிடு

தருமபுரியில் அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அப்போது இருந்தவர்கள் நான்கே பேர்: மாரண்டஹள்ளி தீர்த்தகிரி, அவர் மனைவி ராணியம்மாள், அவர்களுக்குச் சம்பந்தியாகப்போகும் பாப்பிரெட்டிப்பட்டி பச்சியண்ணன், ரத்தம் எடுக்கும் வெண்மதி. ஐந்தாவதாக ஒருவர் கூடவே இருந்து பார்த்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

திரைக்குப் பின்னால் இருப்பது பச்சியண்ணன் என்று தீர்த்தகிரிக்குத் தெரியாது.

அவர் பெஞ்சில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். மடக்கிய கைக்குள் பஞ்சு.

"இந்த மாத்திரை சாப்புடறவங்களுக்கு ரத்தம் லேசுல நிக்காதுங்க. நான் சொல்ற வரைக்கும் கைய நீட்டாதீங்க" என்று வெண்மதி எச்சரித்திருந்தாள்.

சித்திரையில் அவருடைய இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறைந்து அதை அடைத்துவிடாமலிருக்கத் தினமும் மாத்திரை. சிலர் ரத்தத்தில் அது பிடிக்கவே பிடிக்காதாம். அவருக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை.

ஊருக்கு இது எதுவும் தெரியாது. பெங்களூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாட்களில், ஊரைப் பொறுத்தவரை அவர் தக்காளி மண்டியில் விலை பேசிக்கொண்டிருந்தார்.

நிச்சயதார்த்தப் பந்தியில் வேறு, "எங்க வம்சத்துல நெஞ்சப் புடிச்சிக்கிட்டு ஒருத்தரும் உக்காந்ததில்லீங்க" என்று சொல்லியிருந்தார். தையில் மகள் கோகிலவாணிக்குக் கல்யாணம். அதற்குள் பொய்யன் என்று பெயர் வாங்க அவர் தயாரில்லை.

திரை விலகியது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மடக்கிய கை. பச்சியண்ணன்.

"சும்மா சுகர் பாக்க வந்தனுங்க சம்பந்தி."

"நானும் அதுக்குத்தானுங்க."

ராணியம்மாள் எழுந்து கும்பிட்டாள். தீர்த்தகிரியும் எழுந்தார், கும்பிடவில்லை.

பெண்ணைக் கொடுப்பவர்தான் முதலில் கும்பிட வேண்டும். அதுவும் இரண்டு கையால். ஒற்றைக் கையைத் தூக்குவது பஸ்ஸை நிறுத்த.

சுகருக்கு ரத்தம் கொடுத்தவர் இந்நேரம் பஞ்சை எறிந்துவிட்டு நடையைக் கட்டியிருக்க வேண்டும். பச்சியண்ணன் நகரவில்லை.

"அவரு மூஞ்சி சுண்டுது பாருங்க. கும்புடுங்க" என்று ராணியம்மாள் முணுமுணுத்தாள்.

தீர்த்தகிரி கையை நீட்டினார். கூப்பினார்.

பஞ்சு விழுந்தது. சட்டையில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது.

கும்பிட்டவரைத் திருப்பிக் கும்பிடாமல் நிற்பது எந்த ஊர் வழக்கம்? பச்சியண்ணனும் இரண்டு கையையும் கூப்பினார்.

இன்னொரு பஞ்சு விழுந்தது.

கூப்பிய கையை இறக்காமல், ஒருவர் சட்டையை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.

வெண்மதி பஞ்சோடு ஓடிவந்தாள். "ரெண்டு பேருக்குமே மாத்திரை நல்லாப் புடிச்சிருக்குதுங்க. மெஷினே வேணாம் போல."

தீர்த்தகிரி தொண்டையைச் செருமினார். "ஆடியில கோயமுத்தூருக்கு மாடு வாங்கப் போனீங்களே, சம்பந்தி. மாடு அமைஞ்சுதுங்களா?"

"உங்க தக்காளி மாதிரிதானுங்க."

ராணியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சட்டையில் ரத்தத்தோடு இரண்டு பேரும் பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள், சீர்வரிசைத் தகராறில் சம்பந்திகள் அடித்துக்கொண்டார்கள், கல்யாணம் நின்றுவிட்டது என்று இரண்டு ஊரிலும் சொல்லித் திரிகிறார்கள்.

அடிதடி எதுவும் நடக்கவில்லை. கும்பிட்டுக்கொண்டார்கள்.