மாவடு பாட்டில்

கல்யாணத்துக்கு மேகலையின் அண்ணன் கொடுத்த பரிசு அது. கடுஞ்சொல்லை இனிமையாக மாற்றிக் கேட்கவைக்கும் சில்லு. கணவன் மனைவி இருவர் காதிலும் பதித்திருந்தார்கள். போன மாதம் மேகலை தன்னுடையதை எடுத்துவிட்டாள். தயாளன் மறுத்துவிட்டான்.

"சண்டையே இல்லாத வீடு யாருக்குடி கிடைக்கும்?"

இன்று அடுப்பை அணைத்துவிட்டு அவன் எதிரில் வந்து நின்றாள்.

"உங்களோட இனிமே வாழ முடியாதுங்க. அம்மா வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்."

அவன் முகம் மலர்ந்தது. "தாராளமாப் போயிட்டு வா. அத்தையைக் கேட்டேன்னு சொல்லு. வரும்போது மாவடு கொண்டு வா."

தொண்டை கிழிய மறுபடியும் சொன்னாள்.

"நானும்தான்டி," என்று வெட்கத்தோடு சிரித்தான்.

பிறகு ஒரு காலி பாட்டிலைக் கழுவித் துடைத்து, மூடியை இறுக்கி, அவள் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே உடையாமல் வைத்தான்.