ரீகன்ஸ்ட்ரக்ட்

தமிழ்வாணன் பச்சைப் பொத்தானை அழுத்தினான். இரும்புத் தகட்டை அழுத்தும் பிரஸ் இடிபோல இறங்கியது. நீலச் சட்டையின் நெஞ்சு வெடித்தது. கை ஒன்று பிய்ந்து ஜாஸ்மினின் காலடியில் வந்து விழுந்தது.

அதிலிருந்து மணல் கொட்டியது.

"இப்படி இல்ல சூப்பர்வைசர்," என்றார் தொழிற்சாலை ஆய்வாளர் கனகலட்சுமி. "குத்துவிளக்கு ஏத்துற மாதிரி மெதுவா செய்யறீங்க. அந்தோணிராஜ் செத்த அன்னிக்கு எப்படியோ, அப்படியே ரீகன்ஸ்ட்ரக்ட் பண்ணணும்."

"அப்டின்னா இன்னா மேடம்?" என்றாள் ஜாஸ்மின். அதே லைனில் வேலை பார்ப்பவள், அந்தோணிராஜின் மனைவி.

"இடிஞ்சதைத் திரும்பக் கட்டறதும்மா."

"அவரை எங்கேர்ந்து கட்டுவீங்க? பெட்டியில மூஞ்சியக்கூட காட்டல."

"ஆளைக் கட்ட முடியாது. நடந்ததைக் கட்டிப் பாக்கலாம்."

பிரஸ்ஸுக்குள் நுழைபவர் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட வேண்டும். சாவி அவர் பையில் இருக்கும். அவர் வெளியே வந்து திறக்கும்வரை மின்சாரம் வராது.

"அவன் பூட்டே போடல மேடம். தண்ணி போட்டுனு வந்திருப்பான்," என்றான் தமிழ்வாணன் மறுபடியும்.

"அவரு குடிக்கவே மாட்டாருய்யா! செத்தவரு எழுந்து வந்து கேக்க மாட்டாருன்னு பேசாத."

ஆனால் அறிக்கையில் அதுதான் ஏறப்போகிறது: தன் தவறால் செத்தான்.

சட்டை மாட்டிய இன்னொரு மணல் மூட்டையை ஜாஸ்மின் தோளில் தூக்கினாள். வழக்கம்போலத் தன் சிவப்புப் பூட்டைச் சுவிட்சில் மாட்டிப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பிரஸ்ஸுக்குள் குனிந்தாள். சுவிட்ச் இருக்கும் இடத்திலிருந்து உள்ளே தெரியாது.

தமிழ்வாணனின் போன் அலறியது. சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவு.

"லாரி நிக்குதா? தோ, லைனை ஓட விட்டுட்டேன் சார்!"

போனைத் தோளில் இடுக்கியபடி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவினான். பூட்டு திறந்தது. சுவிட்ச் ஏறியது. விரல் பச்சைக்குப் போனது.

கனகலட்சுமி பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். தூணில் அவன் நெற்றி மோதி ரத்தம் பீறிட்டது. போன் தரையில் சிதறியது.

"உள்ள அவ இருக்காடா!"

ஜாஸ்மின் தவழ்ந்து வெளியே வந்தாள். திறந்து தொங்கிய தன் பூட்டைப் பார்த்தாள். பையைத் தொட்டுப் பார்த்தாள். சாவி அங்கேயே இருந்தது.

"அவ பூட்டை எப்படித் திறந்தே?" என்றார் கனகலட்சுமி.

தமிழ்வாணன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, தினமும் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னான்.

"எல்லார் பூட்டுக்கும் டூப்ளிகேட் கீது மேடம்."