கட்டுரையில் இல்லாதவர்கள்

"பேப்பர் நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஆய்வுக்கு எடுத்துக்க முடியாது சார்," என்றாள் அவள், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு.

மறுமுனையில் பேராசிரியர் பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. காரணத்துக்குக் காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

நூலகத்தில் அச்செடுத்து வந்த ஆய்வுக் கட்டுரைகள் மேஜை முழுக்கப் பரப்பிக் கிடந்தன. எல்லாம் ஒரே விஷயம்தான். யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல வாய் வராத மனிதர்கள்.

ஒரு கட்டுரையில், முன்பின் தெரியாத ஒருத்தி "கொஞ்சம் பிடிங்க, வந்துடுறேன்" என்று விரித்த குடையைக் கையில் கொடுத்துவிட்டுப் போக, ஒரு மனிதர் கூரைக்குக் கீழே சாயங்காலம் வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அவரை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் ஒரே ஒரு ஆளை வைத்து ஊருக்கெல்லாம் முடிவு சொல்ல முடியாது. மனசே இல்லாமல் ஒதுக்கி வைத்தாள்.

இன்னொன்று பார்க்கப் பளபளவென்று இருந்தது. காசு கொடுத்தால் எதையும் போடுகிற ஆய்விதழ் என்று துருவிக் கண்டுபிடித்தாள். அதுவும் போயிற்று.

இன்று கிடைத்தது பெரிய இதழில் வந்தது. உலகமே அதை மேற்கோள் காட்டியிருந்தது. கல்லூரி கல்லூரியாகப் போய் மாணவர்களிடம் ஆய்வு செய்து, மறுக்கத் தெரியாதவர்களே அதிகம் என்று அடித்துச் சொன்னது.

"ஆய்வுக்கு வாங்கன்னு ஸ்டூடண்ட்ஸைக் கூப்பிட்டதே அவங்க வாத்தியாருங்கதான் சார். முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்சவங்கள்லாம் அப்பவே வீட்டுக்குப் போயிருப்பாங்க. மிச்சம் நின்னவங்களைத்தான் எண்ணியிருக்காங்க."

கட்டுரையில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்காதே, யார் இல்லை என்றும் பார். அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

மறுமுனையில் மெல்லிய சிரிப்பு கேட்டது. அவர் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

"இது போதும்மா. புதன்கிழமை டிபார்ட்மெண்டுக்கு வந்துடு. ஆய்வுக் கமிட்டி முன்னாடி நீதான் பேசணும்."

 அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். இத்தனை நாளும் தொண்டையிலேயே கிடந்ததை இனிமேல் விழுங்க முடியாது.

"சார், நீங்க நினைக்கிற ஆள் நான் இல்ல. இது ராங் நம்பர்."

சொல்லிவிட்டாள். 

அவள் ஜன்னல் ஸ்கிரீன் தைக்கும் கடையில் துணி வெட்டுகிறவள். மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் கூப்பிட்ட பேராசிரியர், யார் பேசுவது என்றுகூடக் கேட்காமல், தன் ஆய்வு மாணவி என்று நினைத்து, இன்னும் ஒரு பேப்பர்கூடப் படிக்கவில்லையா என்று திட்டத் தொடங்கினார். அத்தனை கோபமாக இருந்தவரிடம் குறுக்கே பேச அவளுக்கு வாய் வரவில்லை. "படிச்சிடுறேன் சார்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகு படிக்காமல் எப்படி இருப்பது? நூலகத்தில் உறுப்பினர் ஆனாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். இதெல்லாம் என்ன என்று கணவன் கேட்டதற்கு, "சார் கேட்டிருக்கார்" என்றாள். எந்த சார் என்று அவன் கேட்கவில்லை.

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"தெரியும்மா," என்றார் பேராசிரியர்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு நேர்லயே வந்து, எனக்குப் படிப்பு வேணாம்னு சொல்லிட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. நீ பாட்டுக்கு அவ்வளவு அக்கறையாப் படிச்சுக்கிட்டு இருந்தே. ராங் நம்பர்னு உங்கிட்ட எந்த வாயால சொல்றது? அப்புறம் கமிட்டில கேட்டாங்க, அந்தப் பொண்ணு எப்படிப் பண்றான்னு. பிரமாதமாப் பண்றான்னு சொல்லிட்டேன்."



அவள் கட்டுரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

"புதன்கிழமை எத்தனை மணிக்கு சார்?"