கரடி எங்கே போனான்?

தாம்பெரே நகர ஆஸ்பத்திரியில், அம்மா ஹெல்மியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஈரோ போனையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி நாள் கணக்குதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"யாருக்குடா எழுதற?" என்றாள் ஹெல்மி, மூச்சு வாங்க.

"கரடிக்கு. விடும்மா, உனக்குப் புரியாது."

உறுமலும் இரைச்சலுமாக, சுதியே சேராத டெத் மெட்டல் ஆல்பங்கள்தான் ஈரோவுக்கு உயிர். ‘கரடி’ என்ற பெயரில் இணையத்தில் எழுதும் முகம் தெரியாத ஆளுக்கும் அதே பைத்தியம். ஆறு வருஷமாக இருவரும் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் மல்லுக்கட்டுவார்கள். அப்பா செத்தபோது ஈரோ மனம்விட்டு அழுததும் அந்தக் கரடியிடம்தான்.

"என்னவாம் கரடிக்கு?"

"பத்து நாளா பதிலே இல்ல. நாங்க காத்துக்கிட்டிருந்த ஆல்பம் நேத்து வந்துடுச்சு. அவன்கூட சண்டை போடாம எப்படிக் கேக்கறது?"

"ஒடம்பு சரியில்லையோ என்னவோ."

"அவனுக்கா? இந்தப் பாட்டைத் தாங்கறவனுக்கு எதுவும் ஆகாது."

‘உயிரோட இருக்கியாடா?’ என்று எழுதி அனுப்பினான். பக்கத்து இழுப்பறையில் அம்மாவின் போன் சிணுங்கியது. அவளிடம் கொடுக்கலாமென்று எடுத்தவன், திரையைப் பார்த்ததும் உறைந்துபோனான். அவன் எழுதிய அதே வரி.

"அம்மா... நீயா?"

"அம்மாவா வந்தா நீ வாயே திறக்க மாட்டியேடா."

"அப்ப அத்தனை ஆல்பத்தையும்..."

"கேட்டேன். மொத வருஷம் பூரா தலைவலி மாத்திரை போட்டுக்கிட்டு." அவள் கண்களை மூடிக்கொண்டாள். "அப்புறம் நெஜமாவே பிடிச்சுப்போச்சு. இன்னும் ரெண்டு வருஷம் கேக்கலாம்னு இருந்தேன்."